பந்து யார் காலில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உதைபந்தாட்டக்காரனுக்கு உடம்பு முக்கியமா, பந்து வித்தை முக்கியமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– முன்னாள் விளையாட்டு வீரர், சாய்ந்தமருது

பதில்: எத்தனை வயதுப் பிள்ளைக்குக் கேட்கிறீர்கள், காக்கா? 10 வயதென்றால் பந்து. 20 வயதென்றால் இரண்டும். 13, 14 என்றால் பொறுமை. அந்த வயதில் உடம்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் பிழைவிடத்தான் செய்வார்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. வகுப்பிலேயே சின்ன உருவம். பந்து காலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அணித் தேர்வில் “உடம்பு காணாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரிக்கட்டுக்கு மாற்றிவிடவா?
– ஒரு வாப்பா, மாளிகைக்காடு

பதில்: கிரிக்கட் ஆட ஆசைப்பட்டால் அதையும் ஆடட்டும். உடம்பு காணாது என்பதற்காக உதைபந்தை விட வேண்டாம்.

ஆண்பிள்ளைகள் திடுதிப்பென்று நெடுக்கும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். சிலருக்கு அது 12இலேயே வந்துவிடும், சிலருக்கு 16 வரை இழுக்கும். அதனால் ஒரே தரத்தில், ஒரே வாங்கில் இருக்கிற இரண்டு பையன்களின் உடம்புக்கு இடையே 3, 4 வருட வித்தியாசம் இருக்கலாம். தேர்வு நாளில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. தேர்வாளர் திறமையைத்தான் பார்க்கிறேன் என்று மனதார நம்புவார். அவர் கண்ணுக்குள் விழுவதோ முந்தி வளர்ந்தவனின் தோள்.

குரோஷியாவின் லூக்கா மொட்ரிச்சை உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். 1991இல் யுத்தம் வந்தபோது அவருக்கு 6 வயது. பாட்டனார் கொல்லப்பட்டார். குடும்பம் சாதார் நகரத்துக்கு ஓடிப்போய் ஒரு ஹோட்டலில் அகதியாக இருந்தது. அந்த ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில்தான் பந்து உதைத்தார். நாட்டின் பெரிய கழகங்களில் ஒன்றான ஹஜ்துக் ஸ்ப்ளிட், சின்னவன், மெலிந்தவன் என்று திருப்பி அனுப்பியது. அந்த மெலிந்தவர் 2018இல் குரோஷியாவை உலகக் கிண்ண இறுதிக்குக் கொண்டுபோனார். அதே வருடம் உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதும் அவருக்குத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் தற்காலிகக் கொட்டில்களுக்கு இடையே பந்து உதைத்துத் திரிந்த பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு அந்த வாகனத் தரிப்பிடம் எப்படியிருந்திருக்கும் என்று விளங்கும். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை “உடம்பு காணாது” என்று நாங்கள் அனுப்பியிருப்போம் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கணக்கு.

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். கதவு நிலையில் மகனின் உயரத்துக்குக் கோடு போட்டு, திகதி எழுதுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். கோடுகளுக்கு இடையே இடைவெளி சட்டென்று விரியும் காலம் வரும். அதுவரைக்கும் பந்து அவன் காலை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: நான் அணி எடுப்பது வலயப் போட்டிக்கு. சின்னவர்களைப் போட்டால் தோற்கிறோம். தோற்றால் அதிபருக்கும் பெற்றோருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கட்டுரை எழுதுவது சுலபம்!
– விளையாட்டு ஆசிரியர், நிந்தவூர்

பதில்: உங்கள் நெருக்கடி உண்மையானது, சேர். கிண்ணம் வந்தால் காலைக் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். இன்று நீங்கள் எடுத்த 16 பேரில் 7 வருடம் கழித்து எத்தனை பேர் இன்னும் பந்து ஆடுகிறார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

சின்னவர்கள் விடுபடுவதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். எனக்கு அதைவிடக் கவலை, நீங்கள் எடுத்த பெரிய பையனைப் பற்றி. 13 வயதில் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினால் எல்லாரையும் தாண்டிவிடுகிறான். கோல். 14இலும் அதே ஓட்டம், அதே கோல். இடது காலை யாரும் பழக்கவில்லை. நெருக்கத்துக்குள் பந்தை அடக்கவும் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கவும் அவனுக்குத் தேவை வரவேயில்லை. 17இல் மற்றவர்களும் வளர்ந்து அவன் வேகத்தைப் பிடித்துவிடுகிறார்கள். தட்டிவிட்டு ஓடுகிறான், பிடித்துக்கொள்கிறார்கள். வேறொன்றும் தெரியாது. 18இல் கழகத்தில் மாற்று ஆட்டக்காரன், 20இல் கட்டாருக்குப் போய்விடுகிறான். ஊரெல்லாம் “அந்தக் காலத்தில் என்ன ஆட்டம் ஆடினான்” என்று பேசுகிறோம். அவனுக்கு நாங்கள் ஆட்டம் சொல்லிக்கொடுக்கவேயில்லை.

உங்கள் அணிப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த மாதத்தை எழுதிப் பாருங்கள். ஜனவரி 1ஐ எல்லையாக வைக்கும் போட்டியில், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். 11 வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விடயமில்லை. 1985இல் கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களைப் பற்றிய ஆய்வில் இந்த மாதக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு உதைபந்தாட்டத்தில் தேடிய நாடுகளிலெல்லாம் அதையே கண்டார்கள். உங்கள் பட்டியலில் வருடத்தின் முன்பாதியில் பிறந்தவர்கள் குவிந்திருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்தது பிறந்தநாளைத்தான்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்கள் 2015 அளவில் ஒரு வழியைப் பரீட்சித்தன. சில ஆட்டங்களுக்கு வயதை ஒதுக்கிவிட்டு, உடல் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். முந்தி வளர்ந்தவர்கள் தங்களுக்குச் சமமான உடம்புகளோடு மோதவேண்டி வந்ததும் பந்தைக் கொடுத்து வாங்கி ஆடத் தொடங்கினார்கள். பிந்தியவர்கள் முதல்தடவையாகத் தாங்களே ஆட்டத்தை நடத்தினார்கள். இதற்குப் பணம் வேண்டாம். வியாழக்கிழமைப் பயிற்சியில் உங்கள் பெரிய பையனை உயர்தர மாணவர்களோடு ஆடவிடுங்கள். சின்னவர்களை ஒரு தரம் கீழே உள்ளவர்களோடு சேர்த்து, அவர்களில் ஒருவனைத் தலைவனாக்குங்கள். போட்டிக்கு 16 பேர் என்றால் பயிற்சிக்கு 30 பேரை வைத்திருங்கள். அதிபர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 24 சிறுவர்கள், 2 பந்து. வித்தை பழக்குங்கள் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எதை வைத்துப் பழக்க?
– கழகச் செயலாளர், மருதமுனை

பதில்: 24 பேருக்கு ஒரு பந்தைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஆடவிட்டால், பந்து ஒரு கணம்கூடச் சும்மா கிடக்காவிட்டாலும் ஆளுக்கு இரண்டரை நிமிடம். அதுவும் சமமாகப் பங்கு வந்தால்! பெரிய பையனிடம் 8 நிமிடம் இருக்கும், சின்னவனிடம் 20 விநாடி.

எங்கள் கரையில் சொப்ட் போல் கிரிக்கட் ஆடாத சந்து கிடையாது. ரோமம் தேய்ந்ததும் கிரிக்கட்காரர்கள் எறியும் டெனிஸ் பந்துகளைச் சேகரியுங்கள். அதைக் காலால் அடக்கப் பழகியவனுக்குப் பெரிய பந்து தலையணை மாதிரி. பந்து வாங்கக் காசு கிடைத்தால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 4ஆம் இலக்கப் பந்தை வாங்குங்கள். பெரியவர்களின் 5ஆம் இலக்கப் பந்து அவர்கள் காலுக்குப் பாரம்.

மைதானத்தைக் குறுக்குங்கள். நாலுக்கு நாலு ஆடட்டும், செருப்பு நாலு வைத்தால் இரண்டு கோல். இங்கிலாந்து 2012இல் 7, 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்துக்கு ஐந்து என்று விதி கொண்டுவந்தது. ஜேர்மனி 2024 பருவத்திலிருந்து ஆகச் சிறியவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று இறங்கிவிட்டது. பிரேசிலின் பெரிய வீரர்கள் பலர் முதலில் ஆடியது ஐவர் ஆடும் உள்ளரங்க ஆட்டம். 1930இல் உருகுவேயின் மொன்டிவீடியோவில் ஓர் ஆசிரியர், மைதானம் கிடைக்காத பிள்ளைகளுக்காக உண்டாக்கியது அது. மைதானமின்மையைக் குறையாக மட்டுமே பார்க்கவேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: பயிற்சி தொடங்குமுன் மைதானத்தை 10 சுற்று. பிந்தி வந்தால் இன்னும் 5. பந்தைத் தொடும்போது களைத்துப்போகிறோம். இது சரியா?
– தரம் 6 மாணவன், சாய்ந்தமருது

பதில்: சரியில்லை, மகன். உன் வயதில் ஓட்டம் பந்தோடு வரவேண்டும். பந்தைத் துரத்தி ஒருவரையொருவர் பிடிக்கும் விளையாட்டில் 10 சுற்றின் ஓட்டமும் தன்னால் வந்துவிடும். தண்டனையாக ஓடவைத்தால் ஓட்டமே தண்டனையாக மனதில் தங்கிவிடும். இந்தப் பதிலைக் கோச்சிடம் மரியாதையாகக் காட்டு. அவர் கோபிக்கமாட்டார், அவரையும் யாரோ அப்படித்தான் ஓடவைத்திருப்பார்கள்.

கேள்வி: நீங்கள் பந்து பந்து என்கிறீர்கள். கடைசி 20 நிமிடத்தில் மூச்சு வாங்குகிறவனின் வித்தை எதற்கு உதவும்?
– கழகப் பயிற்றுவிப்பாளர், அக்கரைப்பற்று

பதில்: எதற்கும் உதவாது. இதில் உங்கள் பக்கம்தான் நான்.

உயர்மட்டப் போட்டியில் ஒருவர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடுகிறார். பந்து அவர் காலில் இருப்பது அத்தனையிலும் ஒன்று, இரண்டு நிமிடம்தான். மிச்ச நேரம் முழுக்க உடம்பும் மூளையும் பார்க்கும் வேலை. களைத்தவனுக்கு முதலில் போவது மூச்சு என்று நினைக்கிறோம். உண்மையில் முதலில் போவது முதல் தொடுகை. 70ஆவது நிமிடத்தில் பந்து காலில் பட்டு ஒரு முழம் விலகினால் அது அநேகமாகக் களைப்பின் வேலை.

ஆகவே 16க்கு மேல் உடற்பயிற்சியில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். ஆனால் மைதானத்தைச் சீராகச் சுற்றி ஓடுவது ஆட்டத்தின் ஓட்டம் இல்லை. ஆட்டத்தில் வரும் வேக ஓட்டங்களில் பெரும்பாலானவை 20 மீற்றருக்கு உட்பட்டவை, 2 முதல் 4 விநாடியில் முடிகிறவை. நின்று, திரும்பி, பாய்ந்து, மறுபடி நின்று ஓடுகிற ஓட்டம். அதைப் பழக்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அசருக்குப் பிறகும் மைதானம் அடுப்பு மாதிரி இருக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். தண்ணீர் குடிக்காமல் தாங்குவதை வீரம் என்று பழக்கின தலைமுறை எங்களுடையது. அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

கேள்வி: கடற்கரை மணலில் ஆடினால் காலுக்குப் பலம் என்கிறார்கள், பந்து ஆட்டம் கெடும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
– மீனவர் ஒருவர், சாய்ந்தமருது

பதில்: இரண்டும் உண்மை. உதிரி மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கெண்டைக்காலும் கணுக்காலும் உரமேறும். ஆனால் மணலில் பந்து உருளாது. நிலத்தோடு பாஸ் கொடுக்கிற பழக்கமே வராமல், எல்லாவற்றையும் தூக்கி அடிக்கிற பழக்கம் வந்துவிடும். எங்கள் கரையோர அணிகள் பெரிய புல் மைதானத்துக்குப் போய்த் திணறுவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆகவே மணலில் அந்தரத்துப் பந்தைப் பழகுங்கள்: நெஞ்சில் வாங்குவது, தொடையில் இறக்குவது, நிலத்தில் படாமல் தட்டிக்கொண்டே இருப்பது. அலை நனைத்துவிட்டுப் போகும் ஈரமணல் இறுக்கமானது, பந்து அதில் ஓரளவு உருளும். பாஸ் பழகப் பாடசாலை முற்றத்துக்கோ பட்மின்டன் தரைக்கோ போங்கள்.

ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தோடு ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்னந்தோப்பு போனதைப் பேசினோம், தோணி இழுக்க இடமில்லாததைப் பேசினோம். பிள்ளைகள் ஆடிய மணல் போனதை யாரும் எந்த மனுவிலும் எழுதவில்லை. அதுவும் மைதானம்தான், காக்கா.

கேள்வி: மகனுக்கு 13 வயது. 6 மாதத்தில் நன்றாக வளர்ந்துவிட்டான். இப்போது முழங்காலுக்குக் கீழே வலி. ஆட்டமும் கெட்டுவிட்டது, பந்து தட்டுப்படுகிறது என்று அழுகிறான். கண்ணூறா?
– ஒரு உம்மா, சாய்ந்தமருது

பதில்: துஆச் செய்யுங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள். இந்த வயதில் எலும்பு வேகமாக நெடுக்கும், தசையும் தசைநாரும் அதே வேகத்தில் ஈடுகொடுக்காது. முழங்காற் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் தசைநார் இழுத்து இழுத்து வலி வரும். ஓடியாடும் பிள்ளைகளிடம் நிறையக் காண்கிற வலி இது. குதிகாலிலும் வரலாம். பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் போய்விடும். வலியோடு ஆடவிட வேண்டாம். ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைத்து, சில கிழமை மெதுவான பந்து வேலை மட்டும் செய்யட்டும். ஒற்றைக் காலில் மட்டும் வலி, இரவில் வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் பொறுத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பந்து தட்டுப்படுவதும் இதே காரணத்தால்தான். நேற்று வரை இருந்த கால் இன்று 5 சென்ரிமீற்றர் நீளம். மூளை புதுக் காலைப் பழகச் சில மாதம் எடுக்கும். வித்தை மறந்துபோகவில்லை. இந்தக் காலத்தில் “முன்பு நன்றாக ஆடினாயே” என்று கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை. பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போவது இந்த மாதங்களில்தான். முட்டை, பருப்பு, பயறு, மீன், தயிர் கொடுங்கள். சம்மாந்துறைப் பக்கத்து எருமைத் தயிரைவிட நல்ல மருந்தை நான் எந்த விளம்பரத்திலும் கண்டதில்லை.

கேள்வி: இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றரில் நான்தான் முதலாவது. உதைபந்தில் மட்டும் எப்போதும் பிந்திப்போகிறேன். ஏன்?
– தரம் 10 மாணவன், கல்முனை

பதில்: 100 மீற்றரில் வெடிச்சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவீர்கள். மைதானத்தில் வெடி வைக்கிறவர் இல்லை. யார் முதலில் விளங்கிக்கொள்கிறாரோ அவர் முதலில் புறப்படுகிறார். நோர்வே ஆய்வாளர் கெயர் யோர்டெட், பந்து வருமுன் வீரர்கள் எத்தனை தடவை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். ஸ்பெயினின் ஷாவி அதில் முன்வரிசை. ஷாவியின் உயரம் 170 சென்ரிமீற்றர், ஓட்டத்தில் உன்னிடம் தோற்றிருப்பார். பந்து காலுக்கு வருமுன்பே அடுத்தது யாருக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பந்து உன்னிடம் வருமுன் இடத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை. நண்பன் பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும், நீ பந்தை வாங்கிக்கொண்டே எத்தனை விரல் என்று சொல். இரண்டு மாதத்தில் உன் 100 மீற்றர் வேகம் மைதானத்திலும் வேலைசெய்யும். அப்போது உன்னைப் பிடிக்க ஆளிருக்காது.

கேள்வி: ஆபிரிக்க அணிகள் உடல் பலத்தால்தானே முன்னேறுகின்றன?
– ஆசிரியர், காரைதீவு

பதில்: தொலைக்காட்சி வர்ணனைகள் வருடக்கணக்காக ஊட்டிவிட்ட பிழை இது. 2022இல் மொரோக்கோ பெல்ஜியம், ஸ்பெயின், போர்த்துக்கலைத் தாண்டி அரையிறுதிக்குப் போனது. ஆபிரிக்காவிலிருந்தும் அரபுலகிலிருந்தும் முதல் தடவை. அந்த இரவு எங்கள் வீதிகளில் யாரும் தூங்கவில்லை. அந்த அணியில் அஸ்ஸதீன் ஊனாஹி என்ற ஒல்லிப் பையனைப் பார்த்திருப்பீர்கள். தோற்ற ஸ்பெயினின் பயிற்றுவிப்பாளர் லூயிஸ் என்ரிக்கே ஆட்டம் முடிந்ததும் அந்த 8ஆம் இலக்கக்காரரைத்தான் வியந்து பேசினார். ஊனாஹி, என்-நெஸிரி, அகுவேர்த் மூவரும் ரபாத்துக்குப் பக்கத்துச் சலே நகரில் உள்ள ஆறாம் முஹம்மத் உதைபந்தாட்டக் கல்லூரியில் வளர்ந்தவர்கள். கல்லூரி திறந்து 12 வருடமளவில் அரையிறுதி. அல்ஜீரியாவின் ரியாத் மஹ்ரெஸும் மெலிந்தவன் என்று ஒதுக்கப்பட்டவர்தான். 2016இல் லெஸ்டர் கழகம் இங்கிலாந்துச் சம்பியனானபோது அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனது.

கேள்வி: இலங்கை அணியில் வெளிநாட்டில் வளர்ந்தவர்களைச் சேர்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு மூடப்படுகிறதா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: முதலில் கதையைச் சரியாகப் பார்ப்போம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1–0 என்று வென்றவர்கள் நாங்கள். 2006இல் ஆசிய சவால் கிண்ண இறுதி வரை போனோம். பிறகு சறுக்கிச் சறுக்கி, பீபா தரவரிசையில் 200க்கும் கீழே போய்விட்டோம். 2023இல் சில மாதம் பீபா எங்களைத் தடைசெய்தும் வைத்தது. ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக், லண்டன் கியூ.பி.ஆர். கழகத்தில் பயின்ற டிலன் டி சில்வா போன்றவர்கள் வந்து சேர்ந்த பிறகு மூச்சு வந்தது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அவர்கள் மண்ணிலேயே தண்டனை உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் இறுதிக் கட்டத்துக்குப் போனோம்.

இவர்கள் எங்கள் பிள்ளைகளைவிட வேகமாகப் பிறந்தவர்களா? ஒரே இரத்தம்தான். அவர்களுக்குக் கிடைத்தது 8 வயதிலிருந்து ஒழுங்கான பயிற்றுவிப்பாளர், சின்ன மைதானம், ஆளுக்கொரு பந்து. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பயிற்சியில் வளர்ந்து, 2023இல் பார்ன்ஸ்லி அணிக்காக இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்தில் தமிழ்ப் பிள்ளை ஒருவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. நடுக்கள ஆட்டக்காரர், பந்தை வாங்கிக் கொடுப்பதே தொழில். எங்கள் இனத்துக்கு உடம்பு காணாது என்று சொல்கிறவர்களுக்கு அவரைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

ஆகவே கதவை மூடுகிறவர்கள் அவர்கள் இல்லை. மூடுவது எங்கள் வலய மட்டத் தேர்வு மேசை. உதைபந்தாட்டச் சம்மேளனம் வெளியில் ஆள் தேடுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அம்பாறைக் கரையில் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பயிற்சி பெற்ற கோச் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவதை யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் மைதான விளக்கு கேட்கிறோம். அடுத்த முறை கோச்சைக் கேட்போம்.

கேள்வி: நான் கபடிக்காரன், வயது 17. உதைபந்துக்கு வரலாமா?
– நிந்தவூர்

பதில்: நிந்தவூர்க் கபடி நாடறிந்தது. அதை விடாதே. வருவதென்றால் பின்கள ஆட்டத்துக்கு வா. எதிராளியின் இடுப்பைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணிப்பது உனக்குக் கைவந்த கலை. நல்ல தடுப்பாளனுக்கு அதுதான் மூலதனம். பந்தைப் பழக நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக வேண்டும், அதற்கு மனமிருந்தால்.

கேள்வி: நாங்கள் 9 பெண்பிள்ளைகள். பர்தாவோடு உதைபந்து ஆட முடியாது என்று சிரிக்கிறார்கள்.
– தரம் 9 மாணவி, கல்முனை

பதில்: 2014இல் பீபா ஹிஜாபை அனுமதித்துவிட்டது, மகள். 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபோடு ஆடினார், அந்த ஆட்டத்தில் தென்கொரியாவை 1–0 என்று வென்றார்கள். சிரித்தவர்களிடம் இதைச் சொல்லு.

பெண்பிள்ளைகள் நெடுக்கும் காலம் 12 வயதளவில் வந்துவிடும். முழங்கால் இணைநார் அறுகிற ஆபத்து உங்களுக்குக் கூட. பீபா 11+ என்று 20 நிமிட ஆயத்தப் பயிற்சி இருக்கிறது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் நிற்கப் பழக்குவது அதில் முக்கியம். டீச்சரிடம் கேட்டு ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். 9 பேர் என்றால் நாலுக்கு நாலு ஆடலாம், ஒருவர் நடுவர்.

கேள்வி: நோன்பில் பயிற்சியை நிறுத்தவா?
– கழகத் தலைவர், அட்டாளைச்சேனை

பதில்: ஓட்டத்தை நிறுத்துங்கள், பந்தை நிறுத்தாதீர்கள். நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது நின்ற இடத்தில் பாஸ், தொடுகை. வேக ஓட்டமெல்லாம் தராவீஹுக்குப் பிறகு. சிறுவர்களுக்கு அதுவும் வேண்டாம், ஸஹருக்கு எழும்ப வேண்டும்.

கேள்வி: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை பந்தைத் தொடக்கூடாது என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். சரிதானே?
– ஒரு வாப்பா, சாய்ந்தமருது

பதில்: காலும் மூளையும் ஆகச் சுலபமாகப் புதிதைப் பிடித்துக்கொள்ளும் வயது 8 முதல் 12 வரை. பரீட்சை அதன் நட்டநடுவில் வந்து நிற்கிறது. 4 டியூசனில் ஒன்றைக் குறைத்து, நாளுக்கு அரை மணித்தியாலம் வீட்டுச் சுவரோடு பந்து தட்டவிடுங்கள். அரை மணித்தியாலத்தில் புள்ளி குறையாது. விட்ட இரண்டு வருடம் அவன் காலுக்குத் திரும்பி வராது.

கேள்வி: எனக்கு 11 வயது. உயரம் 4 அடி 3 அங்குலம். டீமில் எடுக்கவில்லை. பொலிவேரியன் கிராமத்தில் காக்காமாரோடு ஆடினால் பந்தே வராது. நான் என்ன செய்ய?
– தரம் 6 மாணவன், சாய்ந்தமருது

பதில்: காக்காமாரோடு ஆடுவதை விடாதே. பந்து வராவிட்டாலும் அவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆடு. இடித்து விழுத்துகிறவனிடம் பந்தைக் காட்டாமல் வைத்திருக்கப் பழக அவர்களைவிட நல்ல வாத்தியார் உனக்குக் கிடைக்கமாட்டார்.

மற்றது, ஒரு பழைய சொப்ட் போல் எடுத்துக்கொள். மஃரிபுக்கு முன்னால் 20 நிமிடம் சுவரில் அடி. முதல் 10 நிமிடம் இடது காலால் மட்டும். சுவரில் கரியால் ஒரு வட்டம் போடு, உம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடு. திரும்பி வரும் பந்து ஒரு சாணுக்கு மேல் விலகாமல் நிற்கவேண்டும். மாரி மழை வந்து மைதானத்தில் தண்ணீர் நின்றாலும் விறாந்தையில் செய்யலாம். இப்போது இடது காலால் தொடர்ந்து எத்தனை அடிக்கிறாய் என்று ஒரு கொப்பியில் எழுதி வை. ஜனவரியில் மழை விட்டதும் மறுபடி எண்ணி, இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு.